கழுவாத கோப்பைகள்

"ஐந்து நாட்களும் யாரும் அவசரப்படக்கூடாது." லண்டனில் ஒன்றாக வேலை செய்யும் நாங்கள் ஆறு பெண்களும் விடுமுறைக்குப் புறப்படுமுன் போட்டுக்கொண்ட ஒரே நிபந்தனை இது.

நாங்கள் சென்றது மத்தியதரைக் கடலிலுள்ள கோசோ தீவுக்கு. பரப்பு 67 சதுர கிலோமீற்றர்தான். மோல்டாவின் பெரிய தீவிலிருந்து சுமார் 25 நிமிடக் கப்பல் பயணம்.

காலையில் மார்சல்ஃபோர்ன் கடற்கரையோரமாக நடப்போம். சற்றுத் தள்ளி, சுண்ணாம்புப் பாறையில் பாத்தி பாத்தியாக வெட்டிய பழைய உப்பளங்கள். மத்தியானம் பாண், தக்காளி, ஆட்டுப்பாற்கட்டி. பிறகு தூக்கம்.

எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. பகலில் படுப்பது குற்றம்போல மனம் உறுத்தியது. எழுந்துபோய் எல்லோருடைய கோப்பைகளையும் கழுவி வைத்தேன்.

மூன்றாம் நாள் ஜிகன்டீயா கோயில்களைப் பார்க்கப் போனோம். சுமார் 5500 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. எகிப்தியப் பிரமிட்டுகளுக்கும் மூத்தவை. 1980இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஓர் இராட்சதப் பெண், தோளில் குழந்தையைச் சுமந்தபடியே அந்தப் பெருங்கற்களையும் தூக்கிவந்து கட்டினாள் என்பது ஊர்க்கதை.

"அவள் எப்போது உட்கார்ந்தாளாம்?" என்று கேட்டார் எங்களில் மூத்த அக்கா. எல்லோரும் சிரித்தோம். பின்னர் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. அந்தப் பெண்ணை எங்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

அன்று மத்தியானம் கோப்பைகள் கழுவாமலே கிடந்தன. நான் நான்கு மணிவரை தூங்கினேன்.

சகோதரிகளே, ஓய்வெடுக்கத் தீவுக்குத்தான் போகவேண்டுமென்பதில்லை. வீட்டில் மற்றவர்களும் தங்கள் கோப்பையைக் கழுவினாற் போதும்.