கணக்கில் ஏறாத கிணற்று நீர்

உலகிலேயே மிக அதிகமாக நிலத்தடி நீரைப் பயன்படுத்தும் நாடான இந்தியாவில், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, ஆண்டுக்குச் சுமார் 24,000 கோடி கனமீட்டர் நீர் பூமிக்கடியிலிருந்து எடுக்கப்படுகிறது. அதில் ஏறத்தாழ 87 விழுக்காடு பாசனத்துக்கே செல்கிறது. அந்த நீருக்கெனத் தனி விலை பெரும்பாலும் இல்லாததால், அதன் பொருளாதார மதிப்பை நெல்லிலும் கரும்பிலும் கோதுமையிலும்தான் தேட வேண்டியிருக்கிறது.

விளைச்சலை மட்டும் எண்ணினால் அம்மதிப்பு பிடிபடாது. மழை பொய்த்து ஏரியும் கால்வாயும் வற்றிய ஆண்டில், கதிர் பிடிக்கும் பருவத்தில் வாடி நிற்கும் பயிருக்கு இரண்டு தண்ணீர் பாய்ச்ச உதவும் கிணறு, மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அதே அளவு நீரைத் தருவதைவிடப் பன்மடங்கு பயன் தருகிறது. வருமானம் சரிந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பதால் நிலத்தடி நீருக்குச் சேரும் இந்தக் கூடுதல் பயனைப் பொருளியலாளர்கள் நிலைப்படுத்தும் மதிப்பு என்பர். கிணற்றில் நீர் உண்டு என்ற உறுதி இருப்பதாலேயே உழவர் நல்ல விதைக்கும் உரத்துக்கும் துணிந்து செலவிடுகிறார் என்பதும் அம்மதிப்பில் அடங்கும்.

ஆனால் இந்தச் சேமிப்பு கரைவதை நாட்டின் கணக்கு காண்பதில்லை. பஞ்சாபில், ஆண்டுதோறும் எடுக்கத்தக்க அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் நீர் உறிஞ்சப்படுகிறது. அதனால் விளைந்த நெல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கூட்டப்பட, தாழ்ந்துபோன நீர்மட்டம் அதிலிருந்து கழிக்கப்படுவதில்லை. இழப்பு மின்சாரச் செலவாக வெளிப்படுகிறது. ஆயிரம் லிட்டர் நீரை 100 மீட்டர் உயர்த்த, இயற்பியல் விதிப்படியே 0.27 யூனிட் மின்சாரம் வேண்டும். மோட்டாரிலும் குழாயிலும் ஏற்படும் இழப்புகளைச் சேர்த்தால் அது அரை யூனிட்டைத் தாண்டிவிடுவதுண்டு. உழவர்களுக்கு மின்சாரம் இலவசமாகத் தரப்படும் பஞ்சாபிலும் தமிழ்நாட்டிலும் அந்தச் செலவை அரசின் மானியமே சுமக்கிறது.

கோயம்புத்தூர் போன்ற கடும்பாறைப் பகுதிகளில் நிலைமை இன்னும் கடுமையானது. அங்கே நீர், பாறையின் வெடிப்புகளில் மட்டுமே தங்குவதால், ஆயிரம் அடி தாண்டி ஆழ்துளைக் கிணறு போட வசதியுள்ளவருக்கே அது எட்டுகிறது. நிலத்துக்கு உரிமையாளரே அதனடியில் கிடைக்கும் நீரையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இடமளிப்பதால், பக்கத்துத் தோட்டத்தின் பழைய திறந்தவெளிக் கிணறு வறண்டு, அதை வெட்டக் கடன் வாங்கிய சிறு விவசாயி கூலி வேலைக்குப் போக நேர்ந்தாலும், அந்த இழப்பு எவர் கணக்கிலும் பற்றெழுதப்படுவதில்லை.