ஓட்டு ஆயிரம், பிரசாரம் 10 நாள், செலவு ரூ.17,000: பேரூராட்சித் தேர்தலில் சின்னக் கட்சிகள் எப்படி ஜெயிக்கின்றன?

தென்காசி மாவட்டத்தில் ஒரு வேட்பாளர். ஒரே தொகுதி, ஒரே கட்சி. ஆனால் இரண்டு தடவை ஜெயித்தது இரண்டு வேறு சின்னத்தில், இரண்டு எதிரெதிர் கூட்டணியில்.

வாசுதேவநல்லூர் (தனி) தொகுதியில் 2006 சட்டமன்றத் தேர்தலில் மதிமுகவின் டாக்டர் சதன் திருமலைக்குமார் பம்பரம் சின்னத்தில் நின்று வென்றார். அப்போது மதிமுக அதிமுக கூட்டணியில் இருந்தது. 15 வருஷம் கழித்து 2021-ல் அதே தொகுதியில் அதே மதிமுக சார்பில் அவரே நின்றார். இந்தத் தடவை கூட்டணி திமுகவோடு, சின்னம் உதயசூரியன். சுமார் 2,400 வாக்கு வித்தியாசத்தில் அதிமுகவைத் தோற்கடித்தார்.

ஒரு சின்னக் கட்சிக்கு, அதுவும் சொந்த மண்ணிலேயே, சின்னம் எவ்வளவு பெரிய பாடு என்பதற்கு இது ஒன்றே போதும். மதிமுக பொதுச்செயலாளர் வைகோவின் சொந்த ஊரான கலிங்கப்பட்டி இதே தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1994-ல் தொடங்கிய அந்தக் கட்சி 2010-ல் தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரத்தை இழந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் நின்ற துரை வைகோவுக்குப் பம்பரம் கிடைக்கவில்லை. தீப்பெட்டி சின்னத்தில் நின்றுதான் ஜெயித்தார்.

எம்.பி. தேர்தலிலேயே இந்த நிலைமை என்றால், தெருவுக்குத் தெரு ஓட்டுக் கேட்கிற பேரூராட்சித் தேர்தலில் ஒரு உள்ளூர்க் கட்சி என்ன செய்யும்?

சின்னத்தை ஊருக்குச் சொல்ல எத்தனை நாள்?

2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் அட்டவணையைப் பார்த்தால் இது புரியும். ஜனவரி 26-ல் அறிவிப்பு. ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை மனுத் தாக்கல். பிப்ரவரி 5-ல் பரிசீலனை. 7-ம் தேதி வாபஸ் பெறக் கடைசி நாள். 19-ம் தேதி வாக்குப்பதிவு, 22-ம் தேதி எண்ணிக்கை.

அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரர்களுக்குப் பிரச்னை இல்லை. இரட்டை இலையும் உதயசூரியனும் எப்போதும் சுவரில் இருக்கிற சின்னங்கள். மற்றவர்களுக்கு அப்படியில்லை. வாபஸ் நேரம் முடிந்து, இறுதிப் பட்டியல் தயாரான பிறகுதான் என்ன சின்னம் என்பது உறுதியாகும். அதாவது 7-ம் தேதி சாயங்காலம். 17-ம் தேதி மாலையோடு பிரசாரம் ஓய்ந்தது. கையில் இருந்தது 10 நாள்.

அந்தப் பத்து நாளில் நோட்டீஸ் அடிக்கணும், வீடு வீடாகப் போகணும், படிக்கத் தெரியாத பாட்டிக்கும் மிஷினில் எந்தப் படத்துக்கு நேரே பட்டனை அழுத்தணும் என்று சொல்லிக் கொடுக்கணும். "மதினி, போன தடவை சொன்ன சின்னம் இல்ல, இது வேற" என்று ஆரம்பிக்கிற பிரசாரம் பாதித் தோல்வியோடுதான் ஆரம்பிக்கிறது. கூட்டணியில் இருக்கிற சின்னக் கட்சிகள் பெரிய கட்சியின் சின்னத்தை வாங்கிக்கொள்ள இதுதான் காரணம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பெரிய கட்சி சின்னத்தில் ஜெயித்தால், கணக்கில் அது பெரிய கட்சியின் வெற்றியாகத்தான் ஏறும். நாளைக்குத் தனியாக அங்கீகாரம் கேட்டுப் போக அந்த ஓட்டுகள் உதவாது.

இந்த விஷயத்தில் அதிகம் கவனிக்கப்பட்டது விஜய் மக்கள் இயக்கம். 2021 அக்டோபரில் தென்காசி உட்பட 9 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, அந்த இயக்கத்தினர் 169 இடங்களில் நின்று 115 இடங்களில் வென்றதாக அறிவித்தார்கள். கட்சியாகப் பதிவு செய்யாத அமைப்புக்கு அது பெரிய எண்ணிக்கை. அந்த உற்சாகத்தில் 2022 நகர்ப்புறத் தேர்தலுக்கு எல்லாருக்கும் பொதுவாக ஆட்டோ சின்னம் கேட்டார்கள். பதிவு செய்த கட்சி இல்லை என்று ஆணையம் மறுத்துவிட்டது.

கிராம ஊராட்சியில் அது ஏன் தடையாக இல்லை? அங்கே வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சி சார்பில்லாமல்தான் நடக்கும். எல்லாருமே சுயேச்சைச் சின்னம்தான். பேரூராட்சியில் அப்படியில்லை, வார்டு உறுப்பினர் பதவிக்கே கட்சிச் சின்னம் உண்டு. ஊராட்சியைத் தாண்டிப் பேரூராட்சி எல்லைக்குள் காலை வைத்ததும் அரசியல் மாறிவிடுகிறது.

ரூ.17,000-க்குள் ஒரு தேர்தலா?

2022-ல் பேரூராட்சி வார்டு வேட்பாளர் செலவு செய்ய ஆணையம் வைத்த உச்சவரம்பு ரூ.17,000. டெபாசிட் ரூ.1,000, பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு ரூ.500. முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்கணும். கொடுக்காவிட்டால் 3 வருஷம் தேர்தலில் நிற்க முடியாது. தோற்றவர்களும் கொடுத்தாக வேண்டும் என்பது பல சுயேச்சைகள் மறந்துவிடுகிற விஷயம்.

வார்டில் ஆயிரம் வாக்காளர் என்று வைத்தால், தலைக்கு 17 ரூபாய். தமிழ்நாட்டில் பல பேரூராட்சி வார்டுகள் அந்த ஆயிரத்தையே தொடாது. நோட்டீஸ், கொடி, ஆட்டோ, மைக் செட், கூட வருகிறவர்களுக்கு டீ, வடை என்று போட்டால் இந்தத் தொகை எத்தனை நாளைக்கு வரும் என்பது தேர்தல் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். காகிதத்தில் இருக்கிற வரம்புக்கும் தெருவில் நடக்கிற செலவுக்கும் உள்ள தூரத்தைப் பற்றி எந்தக் கட்சியும் வாய் திறப்பதில்லை.

சரி, அப்படிச் செலவு செய்து ஜெயித்தால் சம்பளம்? பல வருஷமாகக் கூட்டத்துக்கு வந்தால் கிடைக்கிற படிதான் இருந்தது. 2023 ஜூலை முதல் பேரூராட்சி உறுப்பினருக்கு மாதம் ரூ.2,500, தலைவருக்கு ரூ.10,000 மதிப்பூதியம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. சம்பளத்துக்காக யாரும் கவுன்சிலர் ஆகவில்லை என்பது தெளிவு.

பின்னே எதுக்கு இந்தப் போட்டி?

தண்ணீர், தெருவிளக்கு, வாறுகால், குப்பை, வீட்டு வரி. ஒரு பேரூராட்சியின் வேலை இந்த ஐந்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இதோடு கட்டட வரைபட அனுமதி, கடை வாடகை, சந்தை, பஸ் ஸ்டாண்ட் ஏலம், சிறு டெண்டர்கள்.

வாசுதேவநல்லூர் மதுரையிலிருந்து தென்காசி போகிற தேசிய நெடுஞ்சாலையில் உள்ள ஊர். சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் நடுவில், மேற்கே மலையடிவாரம். இது போன்ற ஊர்களில் எம்.எல்.ஏ.வைப் பார்க்க முடியாத நாளிலும் கவுன்சிலர் டீக்கடையில் இருப்பார். குழாயில் நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றால் அவர் வீட்டு வாசலில்தான் குடத்தோடு நிற்பார்கள். அதனால்தான் பெரிய அலை அடிக்கிற காலத்திலும் பேரூராட்சியில் தனி ஆள் ஜெயிக்க முடிகிறது. 2022-ல் 21 மாநகராட்சியையும் திமுக அணி மொத்தமாக அள்ளியது. அதே தேர்தலில் பேரூராட்சி வார்டுகளில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட சுயேச்சைகள் வென்றார்கள்.

வாக்குப்பதிவு சதவீதமும் இதையே காட்டுகிறது. அந்தத் தேர்தலில் மாநகராட்சிகளில் 52.22%, நகராட்சிகளில் 68.22%, பேரூராட்சிகளில் 74.68%. ஊர் சின்னதாக ஆக ஆக ஓட்டுப் போடுவோர் கூடுகிறார்கள். காரணம் எளிது: ஓட்டுப் போட வராத வீடு எது என்று வேட்பாளருக்கே தெரியும். இங்கே நோட்டாவும் கிடையாது. யாரையும் பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு பட்டன் இல்லாத தேர்தல் இது.

வரியைப் பற்றி ஒரு விஷயம். 2022 பிப்ரவரியில் தெருத் தெருவாக ஓட்டுக் கேட்டவர்கள் மார்ச் 2-ல் பதவி ஏற்றார்கள். அடுத்த மாதத் தொடக்கத்திலேயே மாநிலம் முழுக்கச் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. நகராட்சி, பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25%, அதற்கு மேல் அளவைப் பொறுத்து 100% வரை. அந்த உயர்வு புது மன்றங்களின் முதல் சில தீர்மானங்களில் ஒன்றாக வந்து நின்றது. எந்த வேட்பாளர் என்ன வாக்குறுதி கொடுத்தார் என்பதைவிட, பேரூராட்சியில் எதை மன்றம் முடிவு செய்யும், எதைச் சென்னை முடிவு செய்யும் என்று தெரிந்துகொண்டு கேள்வி கேட்பதுதான் வாக்காளருக்கு லாபம்.

தலைவர் யார் என்று பிரசாரத்தில் சொல்வதில்லையே, ஏன்?

ஏனென்றால் மக்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. 2011-ல் பேரூராட்சித் தலைவருக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டத்தின் மூலம் மேயர், நகராட்சித் தலைவர், பேரூராட்சித் தலைவர் எல்லாமே மறைமுகத் தேர்தலுக்கு மாறின. இப்போது கவுன்சிலர்கள் கூடித்தான் தலைவரைத் தேர்வு செய்கிறார்கள். 2022-ல் அது மார்ச் 4-ம் தேதி நடந்தது.

சின்னக் கட்சிக்கும் சுயேச்சைக்கும் உண்மையான மதிப்பு கூடுவது இந்த இடத்தில்தான். இரண்டு பெரிய கட்சிகளும் சமமாக நிற்கிற ஊரில், ஒற்றைக் கவுன்சிலர் வைத்திருக்கிற கட்சிதான் ராஜா.

பக்கத்தில் குற்றாலத்தைப் பாருங்கள். அருவிக்கு ஊரே திரண்டு வருகிற குற்றாலம் பேரூராட்சியில் மொத்தம் 8 வார்டுதான். 2022-ல் திமுக 4, அதிமுக 4. போதிய உறுப்பினர்கள் வராததால் தலைவர் தேர்தலையே ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. சீசன் வருமானம், கடை ஏலம் என்று பணம் புழங்குகிற ஊரில், மக்கள் ஓட்டுப் போட்ட பிறகும் தலைவர் இல்லாமல் மன்றம் நின்றது.

சங்கரன்கோவில் நகராட்சியில் 30 வார்டு. தலைவர் தேர்தலில் இரு தரப்புக்கும் 15-15. குலுக்கல் போட்டார்கள், திமுகவுக்கு விழுந்தது. அந்தத் தலைவர் 2025 ஜூலையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பதவி இழந்தார். சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களும் எதிராக வாக்களித்தார்கள்.

இது எப்படிச் சாத்தியம், கட்சித் தாவல் தடைச் சட்டம் என்ன ஆனது என்று கேட்கலாம். அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை எம்.பி., எம்.எல்.ஏ.க்களைத்தான் கட்டுப்படுத்துகிறது, கவுன்சிலர்களை அல்ல. தலைவர் தேர்தலுக்கு முன் கவுன்சிலர்களை வேனில் ஏற்றி வெளியூர் கூட்டிப் போகிற பழக்கத்தின் சட்ட விளக்கம் இவ்வளவுதான்.

கூட்டணிக்குள்ளும் இதே கூத்து நடக்கும். 2022 மார்ச் 4-ல் திமுக தலைமை கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய பல தலைவர், துணைத் தலைவர் பதவிகளில் திமுகவினரே போட்டியாக நின்று ஜெயித்தார்கள். அப்படி ஜெயித்தவர்கள் பதவி விலக வேண்டும் என்று முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் அன்றைக்கே அறிக்கை விட வேண்டியதாயிற்று. சென்னையில் கையெழுத்தாகிற ஒப்பந்தம் வார்டு வரை வந்து சேரும் என்று நம்பி இருக்கிற சின்னக் கட்சிக்கு இது நல்ல பாடம்.

யார் நிற்கலாம்?

21 வயது முடிந்திருக்கணும், அந்தப் பேரூராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கணும். அதே ஊரில் வேறு வார்டிலும் நிற்கலாம். 2016-ல் வந்த சட்டத் திருத்தத்தால் வார்டுகளில் பாதி பெண்களுக்கு. பல வருஷம் ஒரு வார்டில் வேலை பார்த்தவருக்கு, அது பெண்கள் வார்டு என்று அறிவிப்பு வந்த அன்றைக்கே கணக்கு மாறிவிடும். மனைவியையோ தங்கையையோ நிறுத்துவது அங்கேதான் தொடங்குகிறது. போஸ்டரில் வேட்பாளர் படத்தைவிடக் கணவர் படம் பெரிதாக இருக்கிற ஊர்களும் உண்டு. ஆனால் ஐந்து வருஷம் மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்த பிறகு, அடுத்த தடவை தன் பெயரைச் சொல்லியே ஓட்டுக் கேட்கிற பெண்களும் இருக்கிறார்கள்.

2025-ல் இன்னொரு மாற்றம் வந்தது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாகச் சேர்க்கச் சட்டம் திருத்தப்பட்டது. இதற்குத் தேர்தலோ பிரசாரமோ கிடையாது.

அடுத்த தேர்தல் எப்போது?

2022 மார்ச் 2-ல் பதவி ஏற்ற மன்றங்களுக்கு ஐந்து ஆண்டு, அதாவது 2027 மார்ச் தொடக்கம் வரை. தென்காசி மாவட்டத்தின் கிராம ஊராட்சிகளுக்கு அதற்கும் முன்பே, 2026 அக்டோபரோடு முடிகிறது. அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவுப்படி, பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த நகர்ப்புறத் தேர்தல் நடந்தாக வேண்டும்.

போன தடவை அப்படி நடக்கவில்லை. 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்கவிருந்த தேர்தலை, இடஒதுக்கீட்டுக் குறைபாட்டைக் காட்டித் தொடுக்கப்பட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4-ல் ரத்து செய்தது. அதன் பிறகு வார்டு மறுவரையறை, வழக்கு, கொரோனா என்று தள்ளிக்கொண்டே போய், 2022 மார்ச் வரை தமிழ்நாட்டின் எல்லாப் பேரூராட்சிகளையும் தனி அலுவலர்கள்தான் நிர்வகித்தார்கள். ஐந்து வருஷத்துக்கும் மேல், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று குடத்தோடு போய் நிற்கக் கவுன்சிலர் வீடு என்று ஒன்று வாசுதேவநல்லூரிலும் இல்லை, தமிழ்நாட்டின் வேறெந்தப் பேரூராட்சியிலும் இல்லை.