மஞ்சள் கடுதாசியா? மனுவைத் தேடுங்கள்!

வாடிக்கையாளர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், பாக்கி போனதுதான் என்று வியாபாரிகள் பலர் கைவிட்டு விடுகிறோம். அது சரியல்ல.

தனிநபரின் ஐ.பி. மனு, 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டப்படி இன்றும் அவர் குடியிருக்கும் அல்லது தொழில் நடத்தும் ஊருக்குரிய சிவில் நீதிமன்றத்தில்தான் நடக்கிறது. அவர் கருவடிக்குப்பத்தார் என்றால் புதுச்சேரியில் தேட வேண்டும். விழுப்புரத்தார் என்றால் அங்கே. பெயரும் ஆண்டும் தெரிந்தால் இ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் பார்க்கலாம். திவால் உத்தரவு அரசிதழில் வரும். கம்பெனி என்றால் சென்னையிலுள்ள தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்.

கடன் கொடுத்தோர் பட்டியலில் நம் பெயர் விடுபட்டிருந்தால் நோட்டீஸ் வராது. உத்தரவுக்குப் பின் நீதிமன்ற அனுமதியின்றித் தனி வழக்கும் போட இயலாது. ஆனால் அவர் கடன் விடுதலை பெறுமுன், பில்லும் பேரேடும் காட்டி நம் பாக்கியைச் சேர்க்கக் கோரலாம். எனவே கடனுக்குச் சரக்கு போடும்போதே பில்லில் கையொப்பம் வாங்கி வைப்போம்.