மிரர் லென்ஸில் நிலா: கம்ப்யூட்டர் எதைச் சரி செய்யும்?

"படம் எப்படி வந்தாலும் பரவாயில்லை, கம்ப்யூட்டரில் சரி செய்துகொள்ளலாம்." புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்து ஒரு ரோல் பிலிமை இழந்தவன்தான்.

2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம். என்னிடம் இருந்தவை பழைய ஜெனிட்-இ பிலிம் கேமராவும், எம்டிஓ 500 என்ற மிரர் லென்ஸும். இரண்டும் சோவியத் யூனியனில் தயாரானவை. பிலிம் ஐ.எஸ்.ஓ. 400 கறுப்பு வெள்ளை. 36 படங்கள் எடுத்தேன். ஸ்கேன் செய்து பார்த்தால் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. என்ன தவறு செய்தேன், எதைக் கம்ப்யூட்டர் காப்பாற்றியது, எதைக் காப்பாற்ற முடியவில்லை என்று பார்ப்போம்.

மிரர் லென்ஸ் என்றால் என்ன?

சாதாரண 500 மி.மீ. லென்ஸ் நீளமான குழாய் போல இருக்கும். மிரர் லென்ஸில் ஒளி முன்பக்கக் கண்ணாடி வழியாக நுழைந்து, பின்னால் உள்ள குழிந்த ஆடியில் பட்டுத் திரும்புகிறது. பிறகு முன்பக்கம் நடுவில் உள்ள சிறிய ஆடியில் பட்டு, பெரிய ஆடியின் நடுத் துளை வழியாகப் பிலிமுக்குச் செல்கிறது. ஒளியின் பாதை இப்படி மடிக்கப்படுவதால் லென்ஸ் குட்டையாகிவிடுகிறது. எம்டிஓ லென்ஸில் உள்ள அமைப்பை 1941-ல் உருவாக்கியவர் திமித்ரி மாக்சுதோவ்.

இதில் ஒரு வசதிக்குறைவும் உண்டு. ஒளி நுழையும் துளையைச் சிறிதாக்கவோ பெரிதாக்கவோ முடியாது. எப்போதும் எப்/8 தான். வெளிச்சத்தை ஷட்டர் வேகத்தால் மட்டுமே சரி செய்ய வேண்டும். நடுவில் உள்ள சிறிய ஆடி கொஞ்சம் ஒளியை மறைப்பதால், எப்/8 என்று எழுதியிருந்தாலும் பிலிமுக்கு அதைவிடக் குறைவாகவே ஒளி கிடைக்கும். ஜெனிட்-இ கேமராவின் ஒளி மீட்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. எனவே இந்தக் குறைவு அதற்குத் தெரியாது; நாம்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு வேகம் வைப்பது?

முழு நிலவு என்பது வெயிலில் கிடக்கும் பாறை. ஐ.எஸ்.ஓ. 400 பிலிமில் எப்/8-க்கு 1/500 வினாடி போதும். ஜெனிட்-இ கேமராவின் அதிகபட்ச வேகமும் அதுதான். அரை நிலவுக்கு 1/125 வைக்கலாம்.

கிரகணம் முழுமையானதும் கதை மாறிவிடும். நிலா மங்கிச் சிவந்துவிடுவதால் பல வினாடிகள் தேவைப்படும். ஆனால் 500 மி.மீ. லென்ஸில் நிலவின் உருவம் பிலிம் மீது வினாடிக்குச் சுமார் 0.036 மி.மீ. நகர்கிறது. நான்கு வினாடி திறந்து வைத்தால் சுமார் 0.15 மி.மீ. இழுபடும். நிலவின் உருவமே 4.5 மி.மீ. தான் என்பதால் இது கண்ணில் படும். முழுக் கிரகணத்தின்போது எடுத்த என் படங்கள் இப்படித்தான் போயின.

பெரிய தவறு எங்கே?

மற்ற படங்கள் கெட்டதற்குக் காரணம் போகஸ். நிலா வெகுதூரத்தில் இருப்பதால் போகஸ் வளையத்தைக் கடைசி வரை திருப்பி டேப் ஒட்டிவிட்டேன். வெப்பநிலை மாறும்போது ஆடிகளின் இடைவெளியும் சற்று மாறும். அதனால் பல மிரர் லென்ஸ்களில் வளையம் முடிவிலிக் குறியைத் தாண்டியும் திரும்பும். கடைசி வரை திருப்பினால் போகஸ் தவறிவிடும்.

சரியான வழி இதுதான்:

1. லென்ஸை அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்து, இரவுக் காற்றின் வெப்பநிலைக்கு வர விடுங்கள்.

2. கேமராவை உறுதியான டிரைபாடில் பொருத்துங்கள். கேபிள் ரிலீஸ் பயன்படுத்துங்கள்.

3. நிலவின் விளிம்பைப் பார்த்து வளையத்தை முன்னும் பின்னும் திருப்பி, விளிம்பு மிகக் கூர்மையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். நான்கைந்து படங்களுக்கு ஒருமுறை மீண்டும் சரிபாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: இந்த லென்ஸைச் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். கண் பார்வையே போய்விடும், கேமராவும் கெட்டுவிடும்.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

நெகட்டிவ் ஸ்கேன் செய்யும் வசதியுள்ள ஸ்கேனர் வேண்டும். 2400 டி.பி.ஐ., 16 பிட் கிரேஸ்கேல் தேர்ந்தெடுத்து, டிஃப் பைலாக சேவ் செய்யுங்கள். ஒரு பைல் சுமார் 15 எம்பி வரும். அதில் நிலவின் குறுக்களவு ஏறத்தாழ 425 பிக்ஸல் இருக்கும்.

இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் புரோகிராமில் பைலைத் திறக்கவும். படம் நெகட்டிவாகவே தெரிந்தால் கலர்ஸ் மெனுவில் இன்வர்ட் கிளிக் செய்யவும். மிரர் லென்ஸ் படங்களில் கறுப்பு முழுக் கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்தது போலத் தெரிவது வழக்கம். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் திறந்தால் ஒரு வரைபடம் தெரியும். இடது ஓரத்துக் கறுப்பு முக்கோணத்தை, வானம் நன்றாகக் கறுக்கும் வரை வலப்பக்கம் நகர்த்தவும். வலது ஓரத்து வெள்ளை முக்கோணத்தைக் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்த்தவும். அளவு மீறினால் நிலவின் பள்ளங்கள் வெளுத்து மறைந்துவிடும்.

இதைச் செய்ததும் என் படங்களில் வானம் உண்மையிலேயே கறுத்தது. அந்தக் குறையைக் கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்தில் தீர்த்துவிட்டது.

அடுத்து பில்டர்ஸ் மெனுவில் என்ஹான்ஸ் பிரிவில் உள்ள ஷார்ப்பன் வசதியைப் பயன்படுத்தினேன். இங்கேதான் ஏமாற்றம். போகஸ் தவறிய மிரர் லென்ஸ் ஒரு புள்ளியை வளையமாகவும், ஒரு கோட்டை இரட்டைக் கோடாகவும் காட்டும். ஷார்ப்பன் செய்யச் செய்ய அந்த இரட்டைக் கோடுகளும் பிலிமின் மணிகளும்தான் பளிச்சென்று தெரிந்தன. பள்ளங்கள் வரவே இல்லை. நெகட்டிவில் பதிந்திருந்தால்தானே வெளியே கொண்டுவர முடியும்?

சுருக்கமாகச் சொன்னால், மங்கலான கறுப்பு வெள்ளையைக் கம்ப்யூட்டர் சரி செய்துவிடும். போகஸையும் அசைவையும் கேமராவிலேயே சரி செய்ய வேண்டும்.

அடுத்த பௌர்ணமியிலேயே இன்னொரு ரோல் போட்டேன். மேலே சொன்னபடி செய்ததில் பாதிப் படங்கள் தெளிவாக வந்தன. ஆனால் கிரகணம் போனது போனதுதான். 2028 டிசம்பர் 31 இரவு இன்னொரு முழுச் சந்திர கிரகணம் வருகிறது. அதற்குள் நீங்களும் ஒரு ரோல் எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள்.