உங்கள் வீட்டில் எத்தனை பேர்?

அரசாங்க சுகாதார கிளினிக்கில் உங்கள் இரத்த அழுத்தத்தை அளந்து முடித்ததும் தாதி ஒரு கேள்வி கேட்பார்: "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?" நம் பெரியவர்கள் பலர் உடனே சொல்லும் பதில், "பிள்ளைகளோடுதான் இருக்கிறேன்" என்பது. மூத்த மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், மகள் ரவாங்கில் குடியிருக்கிறார், இளைய மகன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போகிறார் என்றாலும் பதில் மாறுவதில்லை. தனியாக இருக்கிறேன் என்று சொன்னால் பிள்ளைகளுக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்ற எண்ணம்தான் காரணம். அது புரிகிறது. ஆனால் அந்தப் பதிலை நம்பித்தான் தாதி உங்களுக்கு மருந்தும் மறு சந்திப்பும் ஏற்பாடு செய்கிறார். இரவில் சர்க்கரை இறங்கி மயங்கினால் எழுப்ப ஆள் இருக்கிறது என்று அவர் எண்ணிக்கொள்வார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதே கேள்விதான் வருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வசிக்கும் உங்களுக்கு, இந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது, எப்படிப் பதில் சொல்வது என்று இங்கே விளக்குகிறோம்.

குடும்பம் வேறு, வீட்டார் வேறு

அரசாங்கப் படிவங்களில் நீங்கள் பார்க்கும் மலாய்ச் சொல் ‘இசி ரூமா’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘வீட்டினுள் இருப்பது’ என்று பொருள். தமிழில் இதைப் பெரும்பாலும் ‘குடும்பம்’ என்றே எழுதிவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. குடும்பம் என்றால் நமக்குக் கல்யாணமாகிப் போன மகளும் சேர்த்தி, ஆஸ்திரேலியாவில் படிக்கும் பேரனும் சேர்த்தி. கணக்கெடுப்பில் ‘இசி ரூமா’ என்பது, ஒரே வீட்டில் வழக்கமாக வசித்து, சாப்பாட்டுக்கும் மற்ற அன்றாடத் தேவைகளுக்கும் சேர்ந்து ஏற்பாடு செய்துகொள்கிறவர்களை மட்டுமே குறிக்கும். அவர்கள் உறவுக்காரர்களாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பழைய பேச்சில் சொன்னால், ஒரே உலையில் சோறு. இங்கே அதை ‘வீட்டார்’ என்று எழுதுகிறோம்.

ஆகவே, உங்களோடு தங்கி, உங்கள் வீட்டுச் சமையலையே சாப்பிடும் பணிப்பெண் உங்கள் வீட்டாரில் ஒருவர். பின்னறையை வாடகைக்கு எடுத்துத் தனியே சமைத்துக்கொள்ளும் இளைஞர் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் வேறு வீட்டார். வெளிநாட்டில் ஆறு மாதத்துக்கும் மேலாக வசிக்கும் மகன், உங்கள் குடும்பத்தின் தூண் என்றாலும், வீட்டாரில் இல்லை.

இந்தச் சொல் எல்லாப் படிவத்திலும் ஒரே பொருளில் வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். ரஹ்மா ரொக்க உதவித் திட்டத்தில் ‘இசி ரூமா’ என்பது கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற கணக்கில் வருகிறது. துணைவர் இல்லாத மூத்த குடிமக்களுக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு. கணவரை இழந்த ஒருவர் மகன் வீட்டில் வசிப்பதால் மட்டும் மகனுடைய விண்ணப்பத்திற்குள் அடங்கிவிடுவதில்லை. இதை அறியாமல் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

அரை ஆள் குறைந்தால் என்ன?

கிள்ளான் பள்ளத்தாக்கு என்று ஒரு மாநிலமும் இல்லை, மாவட்டமும் இல்லை. கோலாலம்பூர், புத்ராஜெயா, அவற்றைச் சுற்றியுள்ள சிலாங்கூர் மாவட்டங்கள் எல்லாம் சேர்ந்த பகுதிக்கு வழங்கும் பெயர் அது. உங்களில் பலருடைய பிறப்புப் பத்திரத்தில் ‘கோலாலம்பூர், சிலாங்கூர்’ என்றே இருக்கும். 1974 பிப்ரவரி 1ஆம் தேதிதான் கோலாலம்பூர் தனிக் கூட்டரசுப் பிரதேசமானது.

2020ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி மலேசியாவில் 32.4 மில்லியன் மக்கள். அவர்களில் சிலாங்கூரில் ஏறத்தாழ 7 மில்லியன், கோலாலம்பூரில் ஏறத்தாழ 2 மில்லியன். பெட்டாலிங் மாவட்டத்தில் மட்டும் 2 மில்லியனுக்கு மேல், கிள்ளான் மாவட்டத்தில் 1 மில்லியனுக்கு மேல். கோலாலம்பூரில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 8,000க்கும் அதிகமானோர் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். இத்தனை கூட்டத்தில் யார் தனியாக இருக்கப் போகிறார்கள் என்று தோன்றும்.

ஆனால் இன்னோர் எண் வேறு விதமாகப் பேசுகிறது. நாட்டில் ஒரு வீட்டில் சராசரியாக 2010இல் 4.2 பேர் இருந்தார்கள், 2020இல் 3.8 பேர். அரை ஆள்கூடக் குறையவில்லையே என்று நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று 420 பேர் 100 வீடுகளில் வாழ்ந்தார்கள். இன்று அதே 420 பேருக்கு 110 வீடுகள் வேண்டும். அதாவது பத்துக் கதவுகள் கூடுதல். அந்தக் கதவுகளில் சிலவற்றுக்குப் பின்னால் புதிதாகக் கல்யாணமானவர்கள் இருக்கிறார்கள். சிலவற்றுக்குப் பின்னால் அவர்கள் விட்டுவந்த பெற்றோர் இருக்கிறார்கள்.

சராசரி என்பது பலவற்றை மறைக்கும் என்பதும் உண்மைதான். ஒரே அடுக்குமாடியில் எட்டுத் தொழிலாளர்கள் தங்கும் வீடும் இருக்கும், எதிர்ப்புறத்தில் ஓர் அம்மா மட்டும் இருக்கும் வீடும் இருக்கும். இரண்டையும் கூட்டி வகுத்தால் நாலரை என்று வரும். நாலரைப் பேர் உள்ள வீடு அங்கே எதுவுமில்லை. அதனால்தான் ஒவ்வொருவரும் தம் வீட்டைப் பற்றிச் சரியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு

உங்கள் தலைமுறை இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தது. பிரிக்பீல்ட்ஸில் 1905ஆம் ஆண்டையொட்டி ரயில்வே ஊழியர்களுக்காக எழுந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வீடுகளின் பெரும்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது. கிள்ளானின் புக்கிட் ராஜா தோட்டத்து நிலத்தில் இன்று பண்டார் புக்கிட் ராஜா நிற்கிறது. லயத்து வீடு சிறியதுதான், வசதியும் குறைவுதான். அந்த வாழ்க்கையை இனிப்பாக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காலையில் ஒரு வீட்டுக் கதவு திறக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் தட்டிப் பார்ப்பார். பிள்ளைகளுக்கு ஆயாக் கொட்டகை இருந்தது, காய்ச்சல் வந்தால் தோட்டத்து டிரஸ்ஸர் இருந்தார். பதினான்காவது மாடியில் இரும்புக் கதவுக்குப் பின்னால் இருப்பவரை யார் தட்டிப் பார்ப்பது?

பிள்ளைகளின் எண்ணிக்கையும் மாறிவிட்டது. 1970இல் மலேசியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.9 பிள்ளைகள் என்ற நிலை இருந்தது. 2022இல் அது 1.6. இந்தியப் பெண்களிடையே 1.1 மட்டுமே. உங்கள் தாய் தந்தையரை ஆறு, ஏழு பேர் முறை வைத்துப் பார்த்துக்கொண்டீர்கள். உங்களைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் இருக்கலாம், ஒருவர் இருக்கலாம். அவர்களுக்குப் பாசம் குறைந்துவிட்டது என்று பொருளல்ல. ஆட்கள் குறைந்துவிட்டார்கள், வேலையிடம் தூரமாகிவிட்டது. பெண்களின் சராசரி ஆயுள் ஆண்களைவிட ஏறத்தாழ 5 ஆண்டு கூடுதல் என்பதால், தனியாக மிஞ்சுகிறவர் பெரும்பாலும் அம்மாதான்.

65 வயதைக் கடந்தவர்கள் 2010இல் மக்கள்தொகையில் 5 விழுக்காடு. 2020இல் 6.8 விழுக்காடு.

கிளினிக் இதை எதற்குக் கேட்கிறது?

2018ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்டோரில் ஏழில் ஒருவர் அதற்கு முந்தைய ஓராண்டில் ஒரு முறையாவது கீழே விழுந்திருந்தது தெரியவந்தது. பத்தில் ஒருவருக்கு மேல் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. 2019ஆம் ஆண்டு ஆய்வில், இந்திய வம்சாவளிப் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் மொத்தக் கணக்கில் இது பத்தில் இருவருக்கும் குறைவு.

இவற்றை வீட்டாரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குளியலறையில் வழுக்கி விழுந்தவர் வீட்டில் இன்னொருவர் இருந்தால் பத்து நிமிடத்தில் எழுப்பப்படுவார். யாரும் இல்லாவிட்டால் அங்கேயே மணிக்கணக்கில் கிடக்க நேரிடும். இன்சுலின் போடுகிறவர் கண் மங்கலாக இருந்தால் ஊசியின் அளவை வேறொருவர் பார்க்க வேண்டும். யாரும் இல்லை என்று தெரிந்தால், மருத்துவர் எளிமையான மருந்து முறை ஒன்றை யோசிக்கலாம். படுக்கையில் இருப்பவருக்குக் கிளினிக் குழு வீட்டுக்கே வந்து பராமரிப்பு தரும் சேவை இருக்கிறது. அதற்கும் வீட்டில் கவனிப்பவர் யார் என்று தெரிய வேண்டும். தொடர் மருந்துகளைத் தபாலில் பெறும் ஏற்பாடும் உண்டு. மாடி இறங்கி வரச் சிரமப்படுகிறீர்கள், அழைத்து வர ஆளில்லை என்று சொன்னால்தான் இதை உங்களிடம் சொல்ல அவர்களுக்குத் தோன்றும்.

மாதத்துக்கு ஒரு பிள்ளை வீடு என்று மாறி மாறி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நம் வீடுகளில் சாதாரணமாக நடப்பதுதான். ஆனால் மருந்து ஒரு வீட்டில், சந்திப்பு அட்டை இன்னொரு வீட்டில் என்று ஆகிவிடுகிறது. கிள்ளானில் ஒரு மருத்துவர் எழுதிய மாத்திரையையே செராஸில் இன்னொருவரும் எழுத, இரண்டையும் விழுங்கிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. எந்த வீட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அதற்கு அருகிலுள்ள கிளினிக்கையே உங்கள் கிளினிக்காக வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் சந்திப்புப் புத்தகமும் மருந்துப் பையும் உங்களோடு வரட்டும். கணக்கெடுப்பிலும் வழக்கமாக நீங்கள் வசிக்கும் வீட்டில்தான் உங்கள் பெயர் வர வேண்டும். இரண்டு பிள்ளைகளும் உங்களைச் சேர்த்துவிட்டால் நீங்கள் இரண்டு பேர் ஆகிவிடுவீர்கள். ‘அவன் சேர்த்திருப்பான்’ என்று இருவரும் விட்டுவிட்டால் நீங்கள் இல்லவே இல்லை.

சொன்னால் யாருக்காவது தெரிந்துவிடுமா?

கணக்கெடுப்பில் சொல்லும் பதில்களை 1965ஆம் ஆண்டு புள்ளிவிவரச் சட்டம் பாதுகாக்கிறது. உங்கள் பெயரோடு அவை வெளியிடப்படுவதில்லை. வாடகைக்கு ஆள் வைத்திருப்பதையோ பிள்ளை பிரிந்து போனதையோ மறைக்க வேண்டியதில்லை. ஆய்வுக்காகக் கதவைத் தட்டுகிறவர் அதிகாரி அட்டையைக் காட்ட வேண்டும்; கேட்டுப் பாருங்கள், தவறாக நினைக்க மாட்டார். வங்கிக் கணக்கு எண்ணையோ கடவுச் சொல்லையோ கேட்டால் அவர் ஆய்வாளர் அல்லர். கதவைச் சாத்திவிடலாம்.

அடுத்த முறை கிளினிக்கில் கேட்டால்

"இரவில் என்னோடு தூங்குகிறவர் யார், பகலில் இருப்பவர் யார்" என்று பிரித்துச் சொல்லுங்கள். மகன் கூடவே இருந்தாலும், அவர் காலை ஆறு மணிக்குக் கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறார் என்றால், பதினான்கு மணி நேரம் நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். அதையும் சொல்லுங்கள். அவசரத்துக்கு விரைவில் வரக்கூடியவர் யாரோ அவருடைய எண்ணைக் கொடுங்கள். சிங்கப்பூரில் உள்ள மகனைவிடக் கீழ்மாடி அண்டைவீட்டார் சீக்கிரம் வருவார்.

தனியாக இருக்கிறீர்கள் என்றால், சமூக நலத்துறையின் வீட்டு உதவிச் சேவையைப் பற்றிக் கேளுங்கள். தொண்டூழியர்கள் வந்து பார்ப்பார்கள். மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்களும், கிளினிக்குகளோடு இணைந்த மூத்தோர் மன்றங்களும் பல இடங்களில் நடக்கின்றன. விவரங்களுக்கும், பெரியவர் ஒருவர் கவனிப்பாரற்று இருப்பதைத் தெரிவிப்பதற்கும் தாலியான் காசே எண் 15999. மனம் சோர்ந்திருந்தால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழைக்கலாம். விழுந்துவிட்டாலோ நெஞ்சு வலித்தாலோ 999. இந்த மூன்று எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி, எழ முடியாமல் தரையில் கிடந்தாலும் கண்ணில் படும்படி, சுவரின் கீழ்ப்பகுதியில் ஒட்டிவையுங்கள். கைத்தொலைபேசியைக் குளியலறைக்குப் போகும்போதும் கையோடு கொண்டுபோங்கள்.