பட்டணத்திலிருந்து சிற்றூருக்கு

'கெட்டும் பட்டணம் சேர்' என்பது நம் முன்னோர் வாக்கு. வாழ்ந்து கெட்டவனுக்கும் பட்டணத்தில் ஏதேனும் ஒரு பிழைப்புக் கிடைக்கும் என்பது அதன் பொருள். அதற்கேற்பவே மக்கள் நகரங்களை நாடி வந்த வண்ணம் இருக்கின்றனர். 2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்கு 31 பேர் நகரவாசிகள். நம் தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு 48 பேர். ஏறக்குறைய பாதிப் பேர்!

ஆயினும், நகரத்தில் வாழ்வோர் பலர் இன்று சிற்றூரை எண்ணி ஏங்குகின்றனர். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இரைச்சலும் புகையும் நெரிசலும் அன்றாடம் நாம் அறிந்தவையே. பச்சை வயலையும் வேப்ப மர நிழலையும் மனம் நாடுவதில் வியப்பு என்ன?

ஆனால், போவது வேறு. நிலைத்து வாழ்வது வேறு. 2020 மார்ச் மாதத்தில் கொரோனா நோயின் காரணமாக நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. வேலையிழந்த தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் சொந்த ஊர்களுக்குத் திரும்பினர். பலர் கொளுத்தும் வெயிலில் கால்நடையாகவே சென்றனர். அவர்களில் பலர் சில மாதங்களில் மீண்டும் நகரத்துக்கே வர நேர்ந்தது. ஊரில் உறவு இருந்தது. உழைப்புக்கு ஊதியம் இல்லை. ஆகவே, சிற்றூரில் குடியேற விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'அங்கே அமைதி இருக்குமா?' என்பதன்று, 'அங்கே நான் என்ன செய்யப் போகிறேன்?' என்பதே. இதற்கு விடை கண்ட இருவரைப் பற்றி இங்குக் காண்போம்.

முதலாமவர் காந்தியடிகள். 1936 ஏப்ரல் 30 அன்று, தம் 66-ஆம் வயதில், வார்தா நகருக்கு அருகிலுள்ள சேகாவ் என்னும் சிற்றூரில் அவர் குடியேறினார். நல்ல சாலை கிடையாது. மலேரியாக் காய்ச்சல் மிகுந்த இடம். அவ்வாண்டிலேயே அவரையும் அக்காய்ச்சல் பிடித்தது. இருப்பினும் அவர் அவ்வூரை விட்டு நீங்கவில்லை. மண்ணும் மூங்கிலும் ஓடும் கொண்டு எளிய குடில்கள் எழுந்தன. கல்வி, துப்புரவு, கதர், வைத்தியம் எனப் பணிகள் பெருகின. இலங்கைத் தமிழரான ஆரியநாயகமும் அவர் துணைவியார் ஆஷா தேவியும் கைத்தொழிலோடு இணைந்த ஆதாரக் கல்வியை அங்கே வளர்த்தனர். 1940-ஆம் ஆண்டில் அவ்வூர் 'சேவாகிராமம்' எனப் பெயர் பெற்றது. காய்ச்சலுக்குப் பெயர்போன அதே ஊரில், டாக்டர் சுசீலா நய்யாரின் முயற்சியால் 1969-ஆம் ஆண்டில் ஒரு மருத்துவக் கல்லூரியே தோன்றியது.

இரண்டாமவர் நம் தமிழ்நாட்டவர், ஜே. சி. குமரப்பா. 1892-ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இலண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். 1929-ஆம் ஆண்டில் காந்தியடிகளைச் சந்தித்தபின் அவர் வாழ்க்கை திசை மாறியது. குஜராத்தின் மாத்தர் தாலுக்காவில் ஊர் ஊராக விவரம் திரட்டி, உழவர்களின் வரவு செலவைக் கணக்கிட்டார். பின்னர் வார்தாவில் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினார். இறுதிக் காலத்தில் மதுரைப் பக்கத்துக் கல்லுப்பட்டியில் தங்கி, 1960-ஆம் ஆண்டு, காந்தியடிகள் மறைந்த அதே ஜனவரி 30-ஆம் நாளில் காலமானார்.

நகரத்தில் கற்ற கணக்கை அவர் நகரத்தில் விட்டுவிட்டுச் செல்லவில்லை. அதைக் கிராமத்துக்கே பயன்படுத்தினார். ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். ஊரில் விளையும் எள்ளை வெளியூர் ஆலைக்கு விற்றுவிட்டு, எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கினால் ஊரின் பணம் வெளியே போகிறது. ஊரிலேயே செக்கு இருந்தால் எண்ணெயும் பிண்ணாக்கும் செக்காட்டுபவரின் கூலியும் ஊரிலேயே தங்கும். மாடும் உண்ணும், மனிதரும் பிழைப்பர். இத்தகைய தொழில்கள் இருந்தால்தான் இளைஞர் ஊரில் தங்குவர்.

எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு உண்டு. என் அரசுத் தேர்வு முடிந்ததும் பாட்டி தனியே வாழும் ஊருக்குப் போய்விடலாம் என்பது அப்பாவின் எண்ணம். "போகலாம். கிணற்றில் எத்தனை மாதம் தண்ணீர் இருக்கும்? நடு இரவில் அத்தைக்கு நெஞ்சு வலித்தால் எப்படிப் போவது? இவள் பதினோராம் வகுப்புக்கு எத்தனை மைல் பஸ்ஸில் போவாள்?" என்று அம்மா கேட்பார்கள். பாட்டியோ, "நான் இத்தனை நாள் இங்கேதானே இருக்கிறேன்" என்கிறார்கள். மூவர் சொல்வதும் உண்மையே. இன்னும் முடிவாகவில்லை. ஆனால் ஒன்று எனக்கு விளங்கியது. இரவில் ஊர் அமைதியாக இருப்பதற்கு, கடைசி பஸ் மாலையிலேயே போய்விடுவதும் ஒரு காரணம். நகரத்தார் மெச்சும் அந்த அமைதி, அவ்வூர்ப் பெண்களுக்குச் சில வேளை குறையாகவும் இருக்கிறது.

அன்புத் தோழியரே! சிற்றூர் ஆளில்லாத சோலை அன்று. நாம் போகுமுன்பே அங்கே மக்கள் வாழ்கிறார்கள். மண்ணின் குணத்தையும் மழையின் போக்கையும் அவர்கள் அறிவார்கள். அவற்றை நாம் பணிவுடன் கற்க வேண்டும். நாம் கற்ற கல்வியை அவர்களுக்குத் தர வேண்டும். நம்மில் ஒருத்தி செவிலியாகவும் இன்னொருத்தி ஆசிரியையாகவும் ஒரு சிற்றூருக்குச் செல்வாளாயின், அங்கே குடியேற மற்றவர்க்கும் துணிவு பிறக்கும். 'கெட்டும் பட்டணம் சேர்' என்றனர் அன்று. 'கற்றும் கிராமம் சேர்' என்று நாம் சொல்வோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி