ஆறு குரலும் சேர்ந்து இறங்கினால்: பழைய அனலாக் சிந்தசைசரின் சுருதிக் கோளாறு

அனலாக் சிந்தசைசரை ரிப்பேர் பண்ணுகிறவர்களுக்கு அதிகம் வருகிற புகார் "சத்தமே வரலை" இல்லை, "சுருதி நிக்க மாட்டேங்குது" என்பதுதான். இந்தக் கட்டுரை அந்த ஒரு கோளாறைப் பற்றி. சுருதி எப்படி விலகுகிறது என்பதைக் கவனித்தாலே, கோளாறு எங்கே இருக்கிறது என்பது பாதி தெரிந்துவிடும். சோல்டரிங் அயர்னைக் கையில் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது.

இந்த வகைக் கருவி நம் நாட்டுக்கு வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 1969ல் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து, ஒரு மோக் சிந்தசைசரை வைத்து மின்னணு இசைக்கூடம் அமைத்துக் கொடுத்தார். பாம்பேயில் சரண்ஜித் சிங் 1982ல் ரோலண்ட் ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808 மூன்றையும் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ரெக்கார்டு போட்டார். எண்பதுகளில் இன்னிசைக் குழுக்கள் வழியாக இப்படிச் சில கருவிகள் நம்ம கரிசல் காட்டுப் பக்கமும் வந்து சேர்ந்தன.

அப்படி ஒன்றுதான் போன வருஷம் பாலவனத்தத்தில் என் மேஜைக்கு வந்தது. ஆறு குரல் கொண்ட ஜப்பானியக் கருவி. சொந்தக்காரர் அருப்புக்கோட்டைப் பக்கம் இன்னிசைக் குழு நடத்திய அண்ணன். "தம்பி, போட்ட உடனே நல்லாத்தான் இருக்கு. அரை மணி நேரத்துல இறங்கிருது. ட்யூன் பட்டனை அமுக்குனா சரியாகுது, மறுபடியும் இறங்குது" என்றார். வேறொரு இடத்தில் காட்டியபோது, ஆறு குரல் சில்லுகளையும் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் செலவுக்கு ஒரு புது டிஜிட்டல் கீபோர்டே வாங்கிவிடலாம். பங்குனிப் பொங்கலுக்குள் சரியாகவில்லை என்றால் பழைய விலைக்குத் தள்ளிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தார்.

உள்ளே என்ன நடக்கிறது

மனிதக் குரலோடு ஒப்பிட்டால் சுலபம். குரல்வளை அதிர்வது மாதிரி ஒரு ஆஸிலேட்டர். வாய் திறந்து மூடி ஒலியின் நிறத்தை மாற்றுவது மாதிரி ஒரு ஃபில்டர். மூச்சைக் கூட்டிக் குறைப்பது மாதிரி ஒரு ஆம்ப்ளிஃபையர். ஆறு குரல் கருவி என்றால் இந்த மூன்றும் சேர்ந்த தொகுதி ஆறு இருக்கும். ஆறுக்கும் பொதுவாக ஒரு பவர் சப்ளை, ஒரு பிராசஸர்.

ஆஸிலேட்டர் எந்தச் சுரத்தில் ஒலிக்க வேண்டும் என்பதை வோல்டேஜ்தான் சொல்கிறது. பல கருவிகளில் கணக்கு இதுதான்: 1 வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி மேலே. ஸ்தாயிக்கு 12 சுரஸ்தானம் என்பதால் ஒரு கீக்கு 83.3 மில்லிவோல்ட்.

இங்கே ஒரு சிக்கல். வோல்டேஜ் சம அளவாக ஏறுகிறது. ஆனால் அதிர்வெண் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் இரட்டிப்பாக வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வது ஒரு டிரான்சிஸ்டர் ஜோடி. அறை வெப்பநிலையில் டிரான்சிஸ்டரின் பேஸ் வோல்டேஜ் ஏறக்குறைய 18 மில்லிவோல்ட் கூடினால் கரண்ட் இரட்டிப்பாகும். அதனால் வருகிற 1 வோல்ட்டை 18 மில்லிவோல்ட்டாகக் குறைத்துத்தான் அதற்குக் கொடுப்பார்கள். அந்த இடத்தில் ஒரு சுரஸ்தானம் என்பது வெறும் 1.5 மில்லிவோல்ட்.

அந்த 18 நிலையான எண் இல்லை. டிகிரிக்கு ஏறக்குறைய 0.33 சதவீதம் வெப்பத்தோடு ஏறும். நம்ம ஊர் வெயிலில் கருவிக்குள் 27 டிகிரி 40 டிகிரியானால் 4.3 சதவீத வித்தியாசம். நடு ஸ்தாயியில் சுருதி சேர்த்துவிட்டு இரண்டு ஸ்தாயி மேலே போனால், அதாவது 24 கீ தள்ளி, கிட்டத்தட்ட ஒரு முழு கீ இறங்கி ஒலிக்கும். இதை ஈடுகட்டத்தான் அதே வேகத்தில் வெப்பத்தோடு ஏறும் ரெசிஸ்டரைப் பக்கத்திலேயே ஒட்டி வைப்பார்கள். சிஇஎம் 3340 மாதிரியான சில்லுகளில் அந்த ஈடு உள்ளேயே உண்டு.

இரண்டு கேள்விகள்

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு கேள்விகள் கிடைக்கின்றன.

முதல் கேள்வி: ஒரு குரல் மட்டும் விலகுகிறதா, ஆறும் ஒரே அளவு விலகுகின்றனவா? ஒன்று மட்டும் என்றால் அந்தக் குரலின் சில்லு, டிரிம்மர், ரெசிஸ்டர். ஆறும் என்றால் பொதுவான இடம். ஆறு சில்லும் ஒரே நாளில், ஒரே அளவில் கெட்டுப்போகும் என்று நம்புவதற்கு முன்னால் அந்தப் பொதுவான இடத்தைப் பார்த்துவிட வேண்டும். மென்பொருளிலும் இதே கதைதான். ஆறு சர்வரும் ஒன்றாகத் தடுமாறினால் யாரும் ஆறு சர்வரைக் கழற்ற மாட்டோம், எல்லாம் சேர்ந்து எதை நம்பியிருக்கின்றன என்று பார்ப்போம்.

இரண்டாவது கேள்வி: எல்லா கீயும் ஒரே அளவு இறங்குகிறதா, தூரம் போகப் போக வித்தியாசம் கூடுகிறதா? கூடினால் மேலே சொன்ன டிரான்சிஸ்டர் வெப்பக் கணக்கில் கோளாறு. ஒரே அளவு என்றால் அடிச்சுருதியை நிர்ணயிக்கும் வோல்டேஜ் நகர்கிறது.

இதற்குத் தேவை போனில் ஒரு ட்யூனர் ஆப், ஒரு நோட்டு. கருவி குளிர்ந்திருக்கும்போதும் 40 நிமிஷம் ஓடிய பிறகும், ஒவ்வொரு குரலுக்கும் கீழ் சா, நடு சா, மேல் சா எழுதிக்கொண்டேன். ட்யூன் பட்டனைத் தொடவில்லை. அந்தப் பட்டனை அமுக்கினால் பிராசஸர் ஒவ்வொரு குரலையும் அளந்து, வித்தியாசத்தை நினைவில் வைத்து ஈடுகட்டிவிடும். மேடையில் அது வரம். ரிப்பேரில், கோளாறை மூடி மறைத்துவிடும்.

அட்டவணை தெளிவாக இருந்தது. ஆறு குரலும், மூன்று ஸ்தாயியும், எல்லாமே அரை கீக்குக் கொஞ்சம் மேலே இறங்கியிருந்தன. அதாவது குரல் சில்லுகள் ஒழுங்காக வேலை செய்கின்றன.

வோல்டேஜை எங்கே அளப்பது

பவர் போர்டில் கறுப்பு புரோபைத் தரையில் வைத்து அளந்தால் 15.00 வோல்ட். சூடான பிறகும் 15.00. ஆனால் குரல் போர்டு சாப்பிடுவது பவர் போர்டில் உள்ள வோல்டேஜை இல்லை, தன்னிடம் வந்து சேர்வதை. அங்கே அளந்தபோது குளிர்ச்சியில் 14.99, சூட்டில் 14.82.

வழியில் 180 மில்லிவோல்ட் எங்கேயோ தங்குகிறது. அதைப் பிடிக்க மல்டிமீட்டரின் இரண்டு புரோபையும் ஒரே லைனில், இந்த முனையில் ஒன்றும் அந்த முனையில் ஒன்றுமாக வைக்க வேண்டும். நல்ல இணைப்பு என்றால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். கனெக்டரின் பின்னுக்கும் போர்டின் செப்புத் தடத்துக்கும் நடுவில் 170 நின்றது. ஹீட் சிங்க்குக்குப் பக்கத்திலேயே இருந்த கனெக்டர். பல வருஷம் சூடாகி ஆறி, பின்னைச் சுற்றி ஈயத்தில் மோதிரம் மாதிரி ஒரு விரிசல். டிவி மெக்கானிக்குகள் சொல்கிற அதே "டிரை சோல்டர்".

கணக்கும் ஒத்துப்போனது. 15ல் 0.18 குறைந்தால் 1.2 சதவீதம். அந்த 15லிருந்து பிரித்து அடிச்சுருதிக்கு வைத்திருந்தது 4 வோல்ட். அதில் 1.2 சதவீதம் 48 மில்லிவோல்ட். ஒரு கீக்கு 83.3 என்றால் இது அரை கீக்குக் கொஞ்சம் மேலே. கீபோர்டு வோல்டேஜ் பிராசஸர் போர்டில் தனியாக இருந்த ரெஃபரன்ஸிலிருந்து வந்ததால் ஸ்தாயி அளவுகள் கெடவில்லை.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, பின்னைச் சுத்தம் பண்ணி, புது ஈயம் பற்ற வைத்தேன். பக்கத்துப் பின்களுக்கும் அதே மாதிரி. இரண்டு மணி நேரம் ஓட்டியும் 14.99லேயே நின்றது. அண்ணன் வந்து ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு, விற்கிற பேச்சை விட்டுவிட்டார்.

சில்லை மாற்றச் சொல்வது எப்போதும் தப்பா?

இல்லை. 1984ல் வந்த ரோலண்ட் ஜூனோ-106ல் 80017ஏ என்ற குரல் தொகுதி உண்மையிலேயே சாகும். ஆனால் அங்கே அறிகுறி வேறு. ஆறு கீ அடித்தால் ஒன்றில் மட்டும் கரகரப்பு, அல்லது அந்தக் குரல் மட்டும் காணாமல் போகும். கோர்க் பாலிசிக்ஸில் போர்டில் உள்ள நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து செப்புத் தடங்களை அரித்துவிடும். அதில் சவுண்டு மெமரியும் கீக்களும் கன்னாபின்னாவென்று நடந்துகொள்ளும். ஒலிக்கு அடியில் 100 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம் ஓடினால் பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டரைப் பாருங்கள். நம்முடைய 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முழு அலையாகத் திருத்தினால் மிஞ்சுவது அந்த 100தான்.

நம்ம ஊர் வெயிலுக்குச் சில குறிப்புகள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும், அதனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பெட்டியை வைக்காதீர்கள். ஜப்பானிலிருந்து நேராக வந்த 100 வோல்ட் கருவி என்றால் இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பிளக்கைச் சொருகாதீர்கள். போட்ட 20 நிமிஷம் கழித்துச் சுருதி சேருங்கள். மூடியைத் திறந்து கரண்ட் இருக்கும்போது அளக்கப் பழக்கம் இல்லாதவர்கள் 230 வோல்ட் வரும் பக்கம் கையே கொண்டுபோகாதீர்கள், தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் அளந்த வோல்டேஜ்களையும் தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுவேன். இந்தக் கருவிக்கும் ஒட்டியிருக்கிறேன். அடுத்து திறக்கிறவர் யாராக இருந்தாலும், முதலில் அந்த எண்களோடு ஒப்பிட்டுவிட்டு ஆரம்பிக்கலாம்.